ஸ்லீட், உறைதூறல், வழுக்கும் நடைபாதை: வெளிநாடு போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்தும் அயர்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ படிக்க, வேலை பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளின் வீடுகளில் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. முழங்கால் அளவுப் பனியை நினைத்துத்தான் எல்லாருக்கும் பயம். அந்த ஊர்களில் அவ்வளவு பனி எப்போதாவதுதான் கொட்டும். ஆளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே போட்டிருக்கிறோம்.

"ஸ்லீட் பெய்யுது"ன்னு மகன் போன்ல சொல்றான். அது மழையா, ஸ்னோவா?

இரண்டும் கலந்தது. மேகத்திலிருந்து ஸ்னோவாகத்தான் கிளம்புகிறது. தரையை நெருங்கும் கடைசிச் சில நூறு மீட்டரில் காற்று சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தால், பாதி உருகியும் உருகாமலும் சொதசொதவென்று விழும். தரையில் பொதுவாக 1 முதல் 3 டிகிரி இருக்கும்போது வருவது இது. கோட்டின் கையைப் பார்த்தால் வெள்ளைத் துணுக்குகள் ஓரிரு விநாடி நின்று கரைந்துபோகும்.

தரையில் தங்காததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஸ்னோவைத் தட்டிவிடலாம், ஸ்லீட்டைத் தட்ட முடியாது. துணிக்குள் இறங்கி ஆளை நனைத்துவிடும். இன்னொரு தொல்லை மறுநாள் காலையில் வரும். மாலையில் நனைந்த தரை, இரவில் வானம் தெளிந்து சூடு வெளியேறினால், விடிவதற்குள் ஐஸாகிவிடும்.

அப்போ உறைதூறல்ங்கிறது என்ன? அதுவும் ஸ்லீட்தானே?

இல்லை. ஸ்லீட்டில் ஐஸ் மேலிருந்தே வருகிறது. உறைதூறலில் மேலிருந்து வருவது வெறும் தண்ணீர், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளிகள். அந்தத் தண்ணீர் சுழியத்துக்குக் கீழே குளிர்ந்திருந்தும் உறையாமல் இருக்கிறது. நடைபாதை, கைப்பிடிக் கம்பி, கார்க் கண்ணாடி என்று எதையாவது தொட்ட உடனே அதன்மேல் ஐஸாக ஒட்டிக்கொள்கிறது.

படிவது பல நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடிபோல இருப்பதால் தார் ரோட்டின் கருப்பு அப்படியே தெரியும். அதனால்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். பார்ப்பவருக்கு லேசாக நனைந்த ரோடு, அவ்வளவுதான். கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. வாசலில் உள்ள இரும்புக் கம்பியைத் தடவினால் வழவழவென்று மெல்லிய மூடி இருக்கும். செடியின் சிறு குச்சிகள் மெருகிட்டதுபோல மின்னும். ரோடு நனைந்து தெரிந்தும் முன்னால் போகும் காரின் டயர் தண்ணீரை வாரி இறைக்காது. இந்தக் கடைசி அடையாளம்தான் மிக நம்பகமானது.

ஜீரோவுக்குக் கீழே போனா தண்ணி ஐஸ் ஆகிடுமே? எப்படித் தண்ணியாவே விழும்?

ஐஸ் ஆரம்பிக்க ஒரு பிடிமானம் வேண்டும், தூசித் துகளோ ஏற்கெனவே உள்ள ஐஸ் துணுக்கோ. மேகத்தில் உள்ள தூசிகளில் பெரும்பாலானவை மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலோ அதற்குக் கீழேயோதான் அந்த வேலையைச் செய்யும். சுத்தமான சிறு துளி மைனஸ் 38 வரைகூடத் தண்ணீராக இருக்கும். உறைதூறல் தரும் மேகம் தடிமன் குறைந்தது, தாழ்வாக நிற்பது. அதன் உச்சியே மைனஸ் 5, 8 டிகிரிதான் இருக்கும். அங்கே ஐஸ் பிறப்பதே இல்லை. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, கனமானதும் இறங்கிவிடுகின்றன.

வீட்டு ஐஸ் பெட்டியிலேயே செய்து பார்க்கலாம். கடையில் வாங்கிய, திறக்காத 500 மில்லி சுத்திகரித்த தண்ணீர் போத்தல் இரண்டு. பிளாஸ்டிக்தான் வேண்டும், கண்ணாடி வெடிக்கும். பக்கத்தில் குழாய்த் தண்ணீர் நிரப்பிய அதே அளவு போத்தல் ஒன்று. மேல்தட்டில் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டாமல் எட்டிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கியும் மற்ற இரண்டும் தெளிவாக இருந்தால் நேரம் வந்துவிட்டது. ஒன்றை மெதுவாக எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினால் சில விநாடியில் போத்தல் முழுக்க ஐஸ் ஊசிகள் ஓடும். இன்னொன்றைத் திறந்து ஒரு ஐஸ் கட்டிமேல் ஊற்றினால், விழுந்த இடத்திலேயே குவிந்து உறையும். நடைபாதையில் நடப்பதும் இதுதான். பரிசோதனை தோற்றால் காரணம் பெரும்பாலும் இரண்டு: போத்தல் ஆடிவிட்டது, அல்லது அதிக நேரம் வைத்தாகிவிட்டது.

நம்ம ஊர்லயும் சில சமயம் ஐஸ் கட்டி விழுதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அது ஆலங்கட்டி. மலாய்க்காரர்கள் ஹுஜான் பத்து என்பது அதைத்தான். பிறப்பிலேயே வேறு. நம் பக்கம் காற்று சுழியம் டிகிரியைத் தொட ஏறக்குறைய 5 கிலோமீட்டர் மேலே போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், பருவக்காற்று மாறும் காலத்தில், பிற்பகல் வெயிலில் எழும் இடிமேகம் அந்த உயரத்தையும் தாண்டி வளரும். உள்ளே மேல்நோக்கி வீசும் காற்று துளிகளைத் தூக்கிப் பிடித்து உறையவைக்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டிதான் கணக்குப்படி ஆலங்கட்டி. அது 30 டிகிரி வெயில் அடித்த தரையில் வந்து விழுகிறது, உடனே உருகிவிடுகிறது.

ஆலங்கட்டி வந்தால் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, கூட வரும் காற்றுக்கும் மின்னலுக்கும். பால்மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருப்பது மேல். பழைய லயத்து வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்தால், காய்ந்த துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு கையுறையோடு எடுக்க வேண்டும்.

அந்த உறைதூறல் மலேசியாவுல வரவே வராதா? கேமரன் மலையில போய் ரெண்டு வாரம் தங்கிப் பழகினா போதாதா?

ஊர்ப்புறத்தில் வர வழியில்லை. தரைக்காற்றே சுழியத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நாட்டின் வானிலைப் பதிவில் மிகக் குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-இல் பதிவான 7.8 டிகிரி. 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு உச்சியில் மட்டும் சில இரவுகளில் பாறைமேல் ஐஸ் படிவதுண்டு.

சிம்பாங் பூலாய் வழியாக ஏறிப்போய்ச் சுவெட்டர் போட்டுப் பழகுவதில் தப்பில்லை, ஆனால் வழுக்கும் ஐஸில் நடக்கும் பழக்கம் அங்கே கிடைக்காது. அதற்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

லண்டன், டப்ளின் எல்லாம் ரொம்பக் குளிர் இல்லைங்கிறாங்க. ரஷ்யா மாதிரி இடத்துலதானே பிரச்சினை?

மிதமான ஊரில்தான் தொல்லை அதிகம் என்று சொல்வோம். அட்லாண்டிக் கடல் தரும் சூட்டால் அந்தத் தீவுகளில் குளிர்காலம் பெரும்பாலும் 2-க்கும் 8-க்கும் இடையே ஊசலாடுகிறது. பகலில் உருகும், இரவில் உறையும். மைனஸ் 20-இல் நிலையாக இருக்கும் ஊரில் ஐஸ் காய்ந்து கிடக்கும், காலணிக்கு ஓரளவு பிடி கிடைக்கும். சுழியத்தை ஒட்டி நிற்கும் ஐஸின் மேல் தண்ணீர்ப் படலம் இருக்கும். அதில் பிடியே இல்லை.

இன்னொன்று, ஊர் தயாராக இருக்காது. குளிர்நாடுகளில் கார்களுக்குக் குளிர்கால டயர், வீட்டுக்கு வீடு மண்வாரி, தெருவெங்கும் உப்பு வண்டி. இங்கிலாந்தில் பெரிய ரோடுகளுக்கு உப்பு போடுவார்கள். வாடகை வீட்டுச் சந்துக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதைக்கும் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கிழக்கிலிருந்து, ஐரோப்பாவின் நிலப்பக்கமிருந்து, காற்று வீசும் நாட்களில்தான் கவனம் வேண்டும். 2018 பிப்ரவரி கடைசியில் அப்படி வந்த குளிர் அந்த இரண்டு நாடுகளையும் முடக்கிப்போட்டது.

போன்ல 3 டிகிரி காட்டுது. அப்புறம் எப்படி ஐஸ் இருக்கும்?

வானிலை நிலையம் அளப்பது தரைக்கு ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றை. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, அந்தக் காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். காற்று 3 இருக்கும்போது நடைபாதை மைனஸ் 1 இருப்பது சாதாரணம். பல கார்களின் டேஷ்போர்டில் 3, 4 டிகிரியிலேயே ஐஸ் எச்சரிக்கை எரிவது இதனால்தான். பாலங்கள் முதலில் உறையும். மேலேயும் கீழேயும் காற்று பட்டு, அடியிலிருந்து மண்ணின் சூடு வராத இடம் அது.

எனவே எண்ணை மட்டும் பார்க்காமல் மூன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: முந்தின மாலை தரை நனைந்ததா, இரவில் வானம் தெளிந்ததா, குறைந்தபட்சம் 3-க்குக் கீழே போனதா. மூன்றும் ஆம் என்றால் காலை நடைபாதையை ஐஸாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள வானிலைத் துறைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஐஸுக்கு மஞ்சள் வந்தாலே போதும், அலட்சியம் வேண்டாம்.

"ஃபீல்ஸ் லைக் மைனஸ் 5"ன்னு வருதே. அப்போ ரோடு உறைஞ்சிடுமா?

உறையாது. அந்த எண் காற்று உங்கள் தோலிலிருந்து சூட்டைப் பிடுங்கும் வேகத்தைச் சொல்வது. ரோட்டுக்கு உடல்சூடு கிடையாது. காற்று 2 டிகிரியாக இருந்தால், எவ்வளவு வேகமாக வீசினாலும் காய்ந்த ரோட்டை 2-க்குக் கீழே இறக்க அதனால் முடியாது. உடை எடுக்க அந்த எண்ணைப் பாருங்கள். வழுக்குமா என்று பார்க்க உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். நனைந்த தரையில் சிறு விதிவிலக்கு உண்டு, அது கடைசிக் கேள்வியில்.

கம்போங் அடிடாஸ் நல்லா கிரிப்பா இருக்குமே, அதையே போட்டுக்கிட்டுப் போகலாமா?

சேற்றுக்கு அந்த ரப்பர் காலணியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதன் குமிழ்கள் சேற்றில் புதைந்துதான் பிடி கொடுக்கின்றன. ஐஸில் எதுவும் புதையாது. ரப்பர் ஒரே அடுக்கு என்பதால் குளிர் நேராகக் காலுக்கு வரும்.

வாங்க வேண்டியது: மெத்தென்ற ரப்பர் அடிப்பகுதி, ஆழமான வெட்டுகள், கணுக்கால் வரை உயரம், தண்ணீர் புகாத மேல்பகுதி. ஒரு தடித்த காலுறைக்கு இடம் விட்டு அரை அளவு பெரிதாக எடுக்கலாம். அதோடு, காலணிமேல் இழுத்து மாட்டும் இரும்பு முள் பட்டை ஒரு ஜோடி. பையில் மடித்து வைக்கலாம். கடைக்குள், ரயில் நிலையத்துக்குள் நுழையும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டுத் தரையில் அந்த முள்ளே வழுக்கும்.

முள் பட்டை இல்லாத நாளில் காலணிக்கு மேலே ஒரு பழைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்ளலாம். கேட்டால் சிரிப்பு வரும். நியூசிலாந்தின் டனீடின் நகரத்துச் சரிவுகளில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து, வழுக்கல் குறைவதாகக் கண்டார்கள். அதற்கு 2010-இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது.

நடக்கிறதுக்குன்னு தனியா ஏதாவது முறை இருக்கா?

இருக்கிறது. வழக்கமான நடையில் எடை இரண்டு காலுக்கும் நடுவே பிரிந்து, குதிகால் முதலில் ஊன்றும்; ஐஸில் அந்தக் குதிகால்தான் முன்னால் ஓடிவிடுகிறது. அடியைப் பாதியாகச் சுருக்கி, உள்ளங்கால் முழுவதையும் ஒரே நேரத்தில் தட்டையாக வைத்து, உடல் எடை முன்காலின் நேர்மேலே வரும்படி சற்று முன்குனிந்து நடக்க வேண்டும். பாதங்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும், முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். பென்குயின் நடை என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கைகள் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. அதனால் கையுறை அவசியம். பையை முதுகில் மாட்டுங்கள், ஒரு கையில் தொங்கவிடாதீர்கள். படிகளில் கைப்பிடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும். ஓரத்தில் புல் இருந்தால் அதன்மேல் நடப்பது நல்லது. அப்புறம் கைப்பேசி. குளிர்காலத்தில் அங்கே நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மோசமாக வழுக்கும் நேரம், இங்கே பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து. அம்மாமார்கள் டீ குடித்துக்கொண்டே போன் போடும் வேளை அது. ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

பழைய துணி விக்கிற பண்டல் கடையில நல்ல கோட்டு மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பல ஆண்டு கிடந்த கோட்டின் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கியிருக்கும். உள்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக வந்தால் மழைக்கு அது தாங்காது. தோளில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டால் சரி, ஊறினால் தண்ணீர் விலக்கும் ஸ்பிரே அடிக்க வேண்டும்.

இறகு நிரப்பிய ஜாக்கெட் காய்ந்த குளிருக்கு அருமை. ஸ்லீட்டில் நனைந்தால் இறகு கட்டியாகி ஒன்றுக்கும் உதவாது. செயற்கைப் பஞ்சு நிரப்பியது மேல். பழைய பூட்ஸுக்கு எச்சரிக்கை: அடிப்பகுதி பாலியூரித்தேன் என்றால் ஈரப்பதத்தில் அது தானாகவே சிதையும். கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். வெளியே பளபளவென்று இருந்து, அங்கே போய் இரண்டாம் நாள் அடி கழன்று விழும் ரகம் அது.

உள்ளே தோலோடு ஒட்டும் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல்சூட்டை எடுத்துவிடும் என்பார்கள். நனைந்த 2 டிகிரி காய்ந்த மைனஸ் 5-ஐவிடக் கொடியது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, நடுவே ஃபிளீஸ், மேலே மழை புகாத கோட்டு. மூன்று அடுக்கு போதும்.

பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் சேலை கட்டிக் கோயிலுக்குப் போவாளே?

ஜனவரி, பிப்ரவரி என்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. பாவாடைக்குப் பதில் கம்பளி லெக்கிங்ஸ், ரவிக்கைக்கு அடியில் மெல்லிய தெர்மல், சேலையைக் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே கட்டிப் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஈரச் சேலைக் கரை பூட்ஸில் மிதிபடுவதுதான் விழுவதற்குச் சுலபமான வழி. காலணியைக் கோயிலுக்கு உள்ளே வந்து கழற்றும் இடத்தில்தான் கழற்ற வேண்டும், வெளிப்படியில் அல்ல. மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

வாசல்ல உப்பு போடணுமாம். எவ்வளவு? சுடுதண்ணி ஊத்தினா சீக்கிரம் கரையுமே?

சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ஒரு மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளப் பாதைக்கு எட்டுக் கரண்டி. சமையல் உப்பே வேலை செய்யும், கல்லுப்பு இன்னும் நின்று வேலை செய்யும். உறைவதற்கு முன், மாலையிலேயே தூவுவது நல்லது. ஐஸ் கட்டிய பிறகு போட்டால் கூடுதல் நேரமும் கூடுதல் உப்பும் வேண்டும். தூறல் தொடர்ந்தால் உப்பு நீர்த்துப்போகும், மறுபடி தூவ வேண்டும். மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக உதவாது. அப்போது மணல் அல்லது சாம்பல் தூவினால் உருகாது, ஆனால் பிடி கிடைக்கும். தெருவோர மஞ்சள் பெட்டியில் இருக்கும் உப்பு ரோட்டுக்கானது, அதை வீட்டுக்கு அள்ளக் கூடாது.

சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். ஐஸ் கரையும், கரைந்த தண்ணீர் பரவி இன்னும் பெரிய பிளாக் ஐஸாகும்.

காலையில பாய்லர் நின்னுபோச்சுன்னு அழுறான். வீடே குளிருதாம்.

உறையும் இரவுக்குப் பிறகு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளிச்சுவரில் இறங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை. பாய்லரில் சேரும் கழிவுநீர் அதன் வழியாகத்தான் வெளியே சொட்டுகிறது. அது உறைந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, களகளவென்று சத்தம் வரும், திரையில் பிழை எண் காட்டிப் பாய்லர் தானாக நின்றுவிடும்.

குழாய் தரையில் நின்றபடியே எட்டும் உயரத்தில் இருந்தால் மட்டும் கை வைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையில் எடுத்துக் குழாயின்மேல், வளைவுகளிலும் கீழ்முனையிலும் ஊற்ற வேண்டும். கொதிநீர் குழாயை வெடிக்கவைக்கும். கீழே சிந்திய தண்ணீர்மேல் உடனே உப்பு, காரணம் முந்தின பதிலில். பிறகு பாய்லரின் ரீசெட் பொத்தான். இரண்டு முறைக்கு மேல் அழுத்தாமல் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். மூடியைத் திறக்கவே கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டு வரக் கூடாது; 12 முதல் 15 டிகிரியில் விட்டுவந்தால் தண்ணீர்க் குழாய்கள் வெடிக்காமல் இருக்கும்.

ஹீட்டர் இல்லாதப்போ சாம்பிராணிச் சட்டியில கரி போட்டுக் குளிர் காயலாமா?

கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமோ புகையோ இல்லாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சாமிக்குப் போடும் சாம்பிராணியைக்கூடக் கரியில்லாமல் ஊதுவத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கான். இங்க மாதிரியே பச்சைத் தண்ணி ஊத்தி ஓட்டலாம்ல?

இந்த ஒரு பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். ரேடியேட்டரோடு எஞ்சின் பிளாக்கே வெடிக்கலாம். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35 வரை தாங்கும். ஏற்கெனவே இருப்பது எவ்வளவு தாங்கும் என்று அளக்கச் சிறு கருவி உண்டு. வாங்கிய வாரமே பார்க்க வேண்டும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் ஆகாது, குளிர்கால ஸ்கிரீன்வாஷ் ஊற்ற வேண்டும்.

காலையில் முன்கண்ணாடி ஐஸாக இருந்தால் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும். பிளாஸ்டிக் சுரண்டியும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்த ஸ்பிரேயும் போதும். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் போய்விடும். கண்ணுக்கு நேரே ஒரு சின்ன ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டுவது அங்கே குற்றம். எல்லாக் கண்ணாடியும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஓட்டும்போது? ஃபோர் வீல் டிரைவ் வாங்கினா கவலை இல்லைன்னு சொல்றாங்களே?

நான்கு சக்கர விசை கிளம்ப உதவும். நிற்க உதவாது. ஐஸில் கார் நிற்க, காய்ந்த ரோட்டைவிடப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம் என்று பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் சொல்கிறது. அது எல்லாக் காருக்கும் பொது.

கியர் காரில் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கையோ ஆக்சிலரேட்டரையோ தொடாமல் போங்கள். பின்பக்கம் ஒதுங்கினால் காலை எடுத்துவிட்டு, பின்பக்கம் ஒதுங்கும் திசைக்கே ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதிர்ந்தால், பயந்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. இதெல்லாம் ஐஸ் சிறு திட்டுகளாக இருக்கும் நாளுக்கு. உறைதூறல் பெய்துகொண்டே இருக்கும் காலையில் சரியான பதில் காரை எடுக்காமல் இருப்பதுதான்.

மருமகன் அமெரிக்காவுல இருக்கார். அங்க ஸ்லீட்னா "டக் டக்"னு துள்ளுதாம். நீங்க சொல்றதோட ஒத்துவரலையே?

இரண்டும் சரி. பிரிட்டனில் மழையும் ஸ்னோவும் கலந்ததற்கு அந்தப் பெயர். அமெரிக்காவிலோ சிறு ஐஸ் மணிகளுக்கு அதே பெயர். ஸ்னோ நடுவானில் சூடான காற்றடுக்கில் முழுக்க உருகி, தரைக்கு மேலுள்ள தடித்த குளிரடுக்கில் மறுபடி உறைந்து மணியாகிறது. அந்தக் குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால் உறைய நேரம் கிடைக்காமல் உறைமழையாக விழும். மேலே சொன்ன உறைதூறலுக்குச் சூடான அடுக்கே தேவையில்லை. வான்கூவர், ஓரிகனின் போர்ட்லண்ட் போன்ற மிதமான ஊர்களில் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்க்காற்று தரையோடு ஒட்டி நுழையும் நாட்களில் இவை வரும்.

உறைதூறல்னு பிளைட்டைத் தாமதமாக்கிட்டாங்க. இவ்வளவு லேசான தூறலுக்கு எதுக்கு?

இறக்கையின்மேல் சொரசொரப்பாக ஐஸ் படிந்தாலே தூக்குவிசை குறையும். உறைதூறல் துளி மேகத்துளியைவிடப் பெரியது. இறக்கையின் முன்விளிம்பில் உள்ள ஐஸ் நீக்கும் அமைப்பைத் தாண்டிப் பின்னால் ஓடி அங்கே உறைகிறது. 1994 அக்டோபர் 31-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ரோஸ்லான் அருகே ஒரு பயணிகள் விமானம் இப்படித்தான் விழுந்து 68 பேர் இறந்தார்கள். சன்னல் வழியே ஆரஞ்சு, பச்சைத் திரவம் அடிப்பது தெரியும். ஆரஞ்சு சூடாக அடித்து ஐஸைக் கரைப்பது, பச்சை மறுபடி படியாமல் சிறிது நேரம் காப்பது. அந்த நேரம் கடந்துவிட்டால் மறுபடி அடித்துத்தான் கிளம்புவார்கள்.

வழுக்கி விழுந்துட்டா என்ன பண்ணணும்?

உடனே எழக் கூடாது. கை, கால், கழுத்தை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, புரண்டு முழங்காலில் வந்து, பிடித்துக்கொண்டு எழ வேண்டும். கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டுதான் முதலில் போகும்: வீக்கம், வடிவம் மாறியிருப்பது, விரல் மரத்துப்போவது இருந்தால் எக்ஸ்ரே வேண்டும், தைலம் தேய்த்து நீவக் கூடாது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம் வந்தால் 999. அவசரமில்லாத ஆலோசனைக்கு இங்கிலாந்தில் 111. நனைந்துபோய் வெகுநேரம் தரையில் கிடந்தவர் நடுக்கம் நின்று உளறத் தொடங்கினால் உடல் வெப்பம் 35-க்குக் கீழே போயிருக்கலாம், அதுவும் 999தான்.

காலையில 4 டிகிரி இருந்துச்சு, மழை ஆரம்பிச்சதும் அரை மணி நேரத்துல ஸ்லீட்டா மாறிடுச்சாம். மழை எப்படிக் குளிரக் கொண்டுவரும்?

காற்று உலர்ந்திருந்தால் விழும் துளியில் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியாவதற்கான சூட்டைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 4 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், மழை பெய்யப் பெய்ய அந்தக் காற்றின் வெப்பநிலை 4-இலிருந்து ஏறக்குறைய 0.5 டிகிரிக்கு இறங்க முடியும். மழை ஸ்லீட்டாகவும் ஸ்னோவாகவும் மாற அது போதும். முன்பு "ஃபீல்ஸ் லைக்" பற்றிச் சொன்னதற்கு விதிவிலக்கு என்றது இதைத்தான்: நனைந்த தரை உலர்ந்த காற்றில் தானும் குளிரும்.

ஆகவே மழை வரப்போகும் நாளில் வெப்பநிலையோடு டியூ பாயிண்ட் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) என்ற எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்; பெரும்பாலான வானிலைச் செயலிகளில் அது இருக்கும். வெப்பநிலை 4, டியூ பாயிண்ட் 3 என்றால் பெரிதாக இறங்காது, வெறும் மழைதான். வெப்பநிலை 4, டியூ பாயிண்ட் மைனஸ் 5 என்றால் மாலைக்குள் ஸ்லீட் எதிர்பார்க்கலாம். முள் பட்டையைக் காலையிலேயே பையில் போட்டுக்கொண்டு போகட்டும், வாசலுக்கான உப்பைத் திரும்பி வந்ததும் தூவட்டும்.